நிமிர்ந்து உட்கார ஒரு முதுகு

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் பழமொழி. அந்தச் சிரசைத் தாங்கி நிற்கும் முதுகைப் பற்றி நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. காலையில் பாயை விட்டு எழுந்து உட்காருகிறோம். தலைவாரிப் பின்னிக் கொள்கிறோம். வகுப்பிலே பெஞ்சில் அமர்ந்து ஒரு கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறோம். உட்காருவதும் ஒரு வேலைதான் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

ஆனால் உட்காருவதற்கே இரண்டு கைகளையும் ஊன்றிக்கொள்ள வேண்டிய குழந்தைகள் இருக்கிறார்கள். கையை எடுத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விடுவார்கள். சாப்பிடவோ, எழுதவோ, விளையாட்டுப் பொம்மையைத் தூக்கவோ அவர்களுக்குக் கை மிச்சமில்லை. பிறவியிலேயே முதுகெலும்பு பிளந்திருந்து, வளர வளர வளைந்தும் போகின்ற குழந்தைகள் இவர்கள். இவர்களுடைய முதுகுக்கு மருத்துவ உலகம் என்ன செய்கிறது, எப்போது செய்கிறது, செய்யாமல் இருப்பது எப்போது நல்லது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5, அதன் கீழே 5, வால் நுனியில் 4 என்று 33 முள்ளெலும்புகளின் அடுக்கு அது. கீழே உள்ள ஒன்பதும் நாம் வளரும்போது ஒட்டிக்கொண்டு இரண்டு எலும்புகளாகி விடுகின்றன. ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்புறம் கட்டையான உருளை போன்ற ஒரு பகுதியும், பின்புறம் வளையம் போன்ற ஒரு பகுதியும் உண்டு. இந்த வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்போது ஒரு குழாய் உண்டாகிறது. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இந்தக் குழாய்க்குள் பத்திரமாக இருக்கிறது.

எலும்பு அடுக்கு மட்டும் இருந்தால் முதுகு நிற்காது. கொடிக்கம்பத்தை நான்கு பக்கமும் கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பது போல, தசைகள் இருபுறமும் சமமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அத்தசைகளில் பல, பின்புற வளையங்களைத்தான் பற்றியிருக்கின்றன. எலும்பு, தசை, தசைக்கு ஆணையிடும் நரம்பு ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் முதுகு நிமிரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

முதல் 28 நாட்கள்

தாயின் கருப்பையில் கரு உருவான மூன்றாம் வாரத்தில், அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு தகடு தோன்றுகிறது. அதன் இரண்டு ஓரங்களும் உயர்ந்து, வாழையிலையைச் சுருட்டுவது போலச் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழல் ஆகின்றன. இதுவே நரம்புக் குழல். இதன் மேல்பாகம் மூளையாகவும் கீழ்பாகம் தண்டுவடமாகவும் வளர்கின்றன. கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாட்களுக்குள் இக்குழல் முழுவதும் மூடிவிட வேண்டும். தான் கருவுற்றிருப்பதைத் தாயே பெரும்பாலும் அறியாத நாட்கள் இவை.

குழலின் கீழ்பாகம் எங்கேனும் மூடாமல் நின்றுவிட்டால், அவ்விடத்தில் முள்ளெலும்பின் பின்புற வளையமும் மூடுவதில்லை. இக்குறையே ‘ஸ்பைனா பைஃபிடா’ எனப்படுகிறது. இலத்தீன் மொழியில் இதற்கு ‘இரண்டாகப் பிளந்த முதுகெலும்பு’ என்பது பொருள். 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் துல்ப் இப்பெயரை வழங்கினார். ஓவியர் ரெம்பிராண்ட் 1632-இல் தீட்டிய புகழ்பெற்ற உடற்கூறு பாட ஓவியத்தில் நடுநாயகமாக அமர்ந்திருப்பவர் இவரே.

இக்குறையில் பல நிலைகள் உண்டு. எலும்பில் மட்டும் சிறு பிளவு இருந்து, தோல் மூடியிருந்தால் எந்தத் தொல்லையும் இராது. வேறு காரணத்துக்காக எக்ஸ்-ரே எடுக்கும்போதுதான் அது தெரிய வரும். கடுமையான நிலையில், பிளவின் வழியே தண்டுவடமும் அதன் உறைகளும் ஒரு பை போல முதுகில் பிதுங்கி நிற்கும். ‘மைலோமெனிங்கோசீல்’ என்னும் இந்த நிலையையே இனி நாம் பேசப் போகிறோம். பிளவு இருக்கும் இடத்துக்குக் கீழே நரம்புகள் சரியாக வேலை செய்யா. ஆகவே கால்கள் வலுவிழக்கும். தோலில் உணர்ச்சி குறையும். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இராது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தலைக்குள் நீரும் தேங்கும். எனினும் இவர்களில் பலர் நல்ல அறிவும் பேச்சும் உடையவர்கள் என்பதை மறக்கலாகாது.

முதுகு வளைவது ஏன்?

கொடிக்கம்பத்தை மறுபடியும் நினைத்துக் கொள்வோம். பிளவுபட்ட இடத்தில் பின்புற வளையங்கள் இல்லை. தசைகள் பற்றிக்கொள்ள இடமில்லை. இருக்கும் தசைகளும் நரம்பின் ஆணை இல்லாமல் தளர்ந்து கிடக்கின்றன. உடலின் பாரமோ நாள்தோறும் கூடுகிறது. கயிறு அறுந்த கம்பம் எப்பக்கம் சாய்ந்தால் என்ன? சாயவே செய்யும். சில குழந்தைகளுக்கு முள்ளெலும்புகளே பாதி வடிவில் உருவாகியிருப்பதும், இரண்டு எலும்புகள் ஒட்டிப் பிறந்திருப்பதும் உண்டு. இவை தவிர, தண்டுவடம் பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு இழுபடுவதாலும், தலையிலுள்ள நீர் மிகுவதாலும் வளைவு திடீரென்று கூடலாம்.

வளைவு மூன்று விதம். பக்கவாட்டில் வளைவது ஒன்று. பின்புறம் கூனாகத் துருத்துவது ஒன்று. இடுப்பில் முன்புறம் அளவுக்கு மீறிக் குழிவது மற்றொன்று. நரம்புக் குறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவின் வாய்ப்பும் மிகுதி. மார்புப் பகுதியிலேயே நரம்புகள் செயலிழந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதுகு வளைகிறது. மிகவும் கீழே மட்டும் குறையுள்ளவர்களுக்கு அவ்வளவாக வளைவதில்லை. பிறக்கும்போதே கடுமையான கூனோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு முதுகுத் தசைகள் தம் இடத்தை விட்டு முன்பக்கம் நழுவி விடுகின்றன. முதுகை நிமிர்த்த வேண்டிய தசையே அதை மேலும் குனிய வைக்கிறது. எனவே இக்கூன் தானாக நேராவதில்லை. வளர வளர முற்றவே செய்யும்.

வளைவினால் வரும் கேடு

முதல் கேடு கைகளுக்கு. முதுகு சாய்ந்தால் இடுப்பெலும்பும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். சமமில்லாத அடித்தளத்தின் மேல் உட்கார முடியாத குழந்தை, தன் கைகளையே முட்டுக்கட்டையாக ஊன்றிக்கொள்கிறது. கால்கள் நடக்கவில்லை என்பதோடு கைகளும் வேலையிழக்கின்றன. நான்கு உறுப்புகளையும் ஒருசேர இழந்த நிலை இது.

இரண்டாவது கேடு தோலுக்கு. பாரம் முழுவதும் ஒரு பக்க எலும்பின் மேல் விழுகிறது. நமக்கென்றால் வலிக்கும்; நகர்ந்து உட்காருவோம். உணர்ச்சியில்லாத குழந்தைக்கு வலி என்னும் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. தோல் நைந்து புண்ணாகிறது. புண் எலும்பு வரை புரையோடுவதும் உண்டு. கூன் உள்ளவர்களுக்கு முதுகின் முனையில், பழைய தழும்பின் மேலேயே, நாற்காலி உராய்ந்து புண் வருகிறது.

மூன்றாவது கேடு மூச்சுக்கு. கூன் விழுந்த மார்புக்கூட்டில் நுரையீரல் விரிய இடமில்லை. வயிறும் மேலே நெருக்கப்படுகிறது. குழந்தை கொஞ்சம் சாப்பிட்டதும் போதுமென்கிறது. உடம்பு தேறுவதில்லை. நுரையீரல் வளர வேண்டிய சிறு வயதிலேயே மார்பு ஒடுங்கிப்போனால் பின்னால் அதை ஈடு செய்வது அரிது.

கத்தியை எடுக்கும் முன்

எல்லா வளைவுக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டுமென்பதில்லை. எக்ஸ்-ரே படத்தின்மேல் கோடுகள் வரைந்து வளைவை டிகிரியில் அளக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948-இல் வகுத்த இம்முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. சிறு வளைவானால் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து கண்காணிப்பார்கள். உடம்புக்கு ஏற்றபடி வார்த்த பிளாஸ்டிக் கவசம் அணிவிப்பதும், நாற்காலியில் பக்கத் தாங்கலும் நல்ல மெத்தையும் வைத்துத் தருவதும் உண்டு. கவசம் வளைவை நிரந்தரமாக நிறுத்துவதில்லை. ஆயினும் அது குழந்தையை உட்கார வைக்கிறது. வளர்வதற்குச் சில ஆண்டுகள் அவகாசம் வாங்கித் தருகிறது. உணர்ச்சியில்லாத தோலின்மேல் அணிவதால், அதைக் கழற்றி நாள்தோறும் தோலைப் பார்க்கும் பொறுப்பு பெற்றோருடையது.

வளைவு திடீரென்று கூடினால் மருத்துவர்கள் முதலில் முதுகை விட்டுவிட்டுத் தலையையும் தண்டுவடத்தையும் சோதிக்கிறார்கள். தலைநீரை வடிக்கும் குழாய் அடைத்திருக்கலாம், தண்டுவடம் இழுபட்டிருக்கலாம். அவற்றைச் சரி செய்தாலே சிலருக்கு வளைவு நின்றுவிடும். வளைவு 50 டிகிரியைத் தாண்டிக் கூடிக்கொண்டே போய், உட்காருவதும் கெட்டால்தான் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

முற்காலத்தில் இக்கேள்வியே எழவில்லை. முதுகில் திறந்த புண்ணோடு பிறந்த குழந்தைகளில் பலர் நோய்க்கிருமி தாக்கியோ, தலையில் நீர் மிகுந்தோ சில மாதங்களில் இறந்தார்கள். 1955-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஹோல்ட்டர் என்னும் இயந்திரத் தொழிலாளிக்கு இக்குறையோடு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தலைநீரை வடிக்கச் சரியான கருவி இல்லையென்று டாக்டர் யூஜீன் ஸ்பிட்ஸ் சொல்லக் கேட்ட அந்தத் தந்தை, நீரை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் ஒரு சிறு வால்வைத் தாமே செய்து முடித்தார். 1956 முதல் அது மருத்துவமனைகளில் பயன்பட்டது. உயிர் பிழைத்த குழந்தைகள் உட்கார வேண்டிய வயதுக்கு வந்தார்கள். அப்போதுதான் அவர்களுடைய முதுகும் மருத்துவர்களின் கண்ணுக்குத் தெரிந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் இவ்வரலாற்றில் முக்கியமான இடம். 1960-களில் அங்கே இத்தகைய குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே முதுகை மூடும் சிகிச்சை பெருமளவில் நடந்தது. ஆனால் 1971-இல் அந்நகரத்து டாக்டர் ஜான் லார்பர், பிழைத்தவர்களில் பலர் கடும் ஊனத்தோடு வாழ்வதை ஆராய்ந்து, சில அடையாளங்கள் உள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை தொடங்காமல் விடலாமென்று எழுதினார். பிறவிக் கூன் அவ்வடையாளங்களில் ஒன்று. முதுகு வளைந்திருப்பதே ஒரு குழந்தைக்குச் சிகிச்சை மறுக்கப்படக் காரணமாயிற்று! அதே நகரத்தில் பணிபுரிந்த குழந்தை அறுவை மருத்துவர் ராபர்ட் ஸாக்கரி இக்கருத்தை எதிர்த்தவர்களில் ஒருவர். இவ்விவாதம் பல ஆண்டுகள் நடந்தது.

விவாதம் தொடங்கும் முன்பே, அதே ஷெஃபீல்டில் எலும்பு மருத்துவர் ஷரார்டு அந்தக் கூனையே அறுவைச் சிகிச்சையால் நீக்க முடியும் என்று காட்டியிருந்தார். கூனின் உச்சியிலுள்ள முள்ளெலும்புகளை அகற்றி மேலும் கீழும் உள்ளவற்றை இணைக்கும் முறையை அவர் 1968-இல் வெளியிட்டார். ‘கூன் இருக்கிறது, ஆகையால் விட்டுவிடலாம்’ என்பது ஒரு விடை. ‘கூன் இருக்கிறது, அதை என்ன செய்யலாம்?’ என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்களாலேயே மருத்துவம் முன்னேறியது.

கருவிகளின் கதை வேறு நோயிலிருந்து வருகிறது. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக எஃகுக் கம்பி ஒன்றை உருவாக்கி 1962-இல் அதைப் பற்றி எழுதினார். கம்பியின் இரு முனைக் கொக்கிகளும் எலும்பைப் பற்றி, வளைவை நீட்டி நிமிர்த்தும். அதன் பின் பல மாதங்கள் மாவுக்கட்டில் கிடக்க வேண்டும். 1970-களில் மெக்சிகோ நகரத்து எட்வார்டோ லூக்கே, ஒவ்வொரு முள்ளெலும்பையும் மெல்லிய கம்பியால் தடித்த கம்பியோடு சேர்த்துக் கட்டினார். பாரம் பல இடங்களில் பங்கிடப்பட்டதால் மாவுக்கட்டு தேவையில்லாமல் போயிற்று. உணர்ச்சியில்லாத தோலையுடைய நம் குழந்தைகளுக்கு இது பெரிய நன்மை. மாவுக்கட்டுக்குள் புண் வந்தால் வெளியே தெரியாதல்லவா? 1980-களின் தொடக்கத்தில் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில், கம்பியின் கீழ்முனையை வளைத்து இடுப்பெலும்புக்குள்ளேயே செலுத்தும் முறை வந்தது. சாய்ந்த அடித்தளத்தைச் சமமாக்க அது வழிசெய்தது.

அறுவைச் சிகிச்சை நடைபெறும் விதம்

மற்றக் குழந்தைகளுக்குப் பக்கவளைவு வந்தால் பின்புறத்தில் கம்பி வைத்து இணைத்தால் பெரும்பாலும் போதும். பிளவுபட்ட முதுகில் அந்த வசதி இல்லை. கொக்கி மாட்ட வேண்டிய பின்புற வளையமே அங்கே இல்லை. ஆகவே மருத்துவர்கள் முள்ளெலும்பின் உட்பகுதிக்குள் திருகாணிகளைச் செலுத்தி, அவற்றை இரு கம்பிகளோடு பிணைக்கிறார்கள். அகற்றிய எலும்புத் துண்டுகளையும் வேறிடத்து எலும்பையும் பக்கங்களில் பதியன் வைக்கிறார்கள். சில மாதங்களில் அவை ஒட்டி வளர்ந்து முழு எலும்பாக வேண்டும். கம்பி என்பது சாரம் போன்றது. நிலையான சுவர் எலும்புதான். பின்புறம் மட்டும் ஒட்டவைத்தால் நம் குழந்தைகளுக்குப் பல வேளைகளில் ஒட்டுவதில்லை. ஆகையால் விறைப்பான வளைவுகளுக்கு முன்பக்கமாகவும் சென்று, எலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகளை நீக்கி அங்கும் இணைப்பது உண்டு.

கூனுக்குச் செய்வது இன்னும் கடினம். வளைந்த முதுகை இழுத்து நேராக்கினால், குறுகிய நிலையிலேயே வளர்ந்துவிட்ட வயிற்றின் பெருந்தமனி இழுபடும். எனவே நீட்டாமல் குறைக்கிறார்கள். உச்சியிலுள்ள சில முள்ளெலும்புகளை அகற்றி, மேலும் கீழும் உள்ள பகுதிகளை நெருக்கிப் பிணைக்கிறார்கள். அங்குள்ள தண்டுவடம் வேலை செய்யாததாயினும் அதன் வழியே மூளைநீர் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை அடைத்துக் கட்டியதால் தலைக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து வந்த நிகழ்ச்சிகள் உண்டு. ஆகவே தலைநீர்க் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று முதலிலேயே சோதித்த பிறகே கத்தியை எடுக்கிறார்கள்.

இதில் எலும்பு மருத்துவர் தனியாக இல்லை. நரம்பு அறுவை மருத்துவர், சிறுநீரக மருத்துவர், குழந்தை மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், தோலை மூடித் தரும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், செவிலியர், உடற்பயிற்சி தருபவர் என்று ஒரு குடும்பமே சேர்ந்து பணிபுரிகிறது.

வளரும் குழந்தைக்கு வளரும் கம்பி

முதுகை இணைத்துவிட்டால் அந்தப் பகுதி மேலும் வளராது. ஐந்து வயதுக் குழந்தைக்கு முதுகு முழுவதும் இணைத்தால் மார்பு குட்டையாகவே நின்று, நுரையீரலும் சிறுத்துப் போகும். ஆகவே சிறு குழந்தைகளுக்கு மேலும் கீழும் மட்டும் பிடிமானம் வைத்து, நடுவில் நீளக்கூடிய கம்பியைப் பொருத்துகிறார்கள். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறு அறுவை செய்து கம்பியை நீட்டுவார்கள். வளர்ச்சி போதிய அளவு ஆனபின் நிரந்தரமாக இணைப்பார்கள். 2009-இல் ஹாங்காங்கில் காந்தத்தால் நீளும் கம்பி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. தோலைத் திறக்காமலே வெளியிலிருந்து காந்தக் கருவியைக் காட்டி அதை நீட்டலாம். மீண்டும் மீண்டும் மயக்க மருந்து கொடுப்பதை அது குறைத்தது. கம்பியின் உட்பாகங்கள் தேய்வது போன்ற புதிய தொல்லைகளும் அதனோடு வந்தன.

ஆபத்துகள்

எதையும் மறைக்காமல் சொல்வதுதான் அறிவியலுக்கு அழகு. இக்குழந்தைகளின் முதுகு அறுவையில் சிக்கல்கள் மற்றக் குழந்தைகளை விட மிகவும் அதிகம். பல மருத்துவமனைகளின் கணக்கில் பத்தில் ஒருவருக்கு மேல் புண்ணில் கிருமி தாக்கியிருக்கிறது. பழைய தழும்புள்ள தோல் மெல்லியது. இரத்த ஓட்டம் குறைந்தது. சிறுநீரில் கிருமிகள் இருந்தால் அவை புண்ணுக்கும் பரவலாம். கம்பி உடையலாம், திருகாணி கழன்று தோலை முட்டலாம், எலும்பு ஒட்டாமல் போகலாம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை அறுவைக்குச் சென்ற குழந்தைகள் பலர்.

மற்றொரு ஆபத்து நாம் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. பிறந்தது முதல் பல அறுவைகளையும் ரப்பர்க் குழாய்களையும் கண்ட இக்குழந்தைகளில் பலருக்கு இயற்கை ரப்பரே ஒவ்வாமை ஆகிவிடுகிறது. 1980-களின் இறுதியில் இது தெளிவாயிற்று. மருத்துவரின் கையுறை பட்டே, மயக்கத்தில் இருந்த குழந்தையின் இரத்த அழுத்தம் சரிந்தது உண்டு. ஆகவே இவர்களுக்கு ரப்பர் இல்லாத அறையையும் கருவிகளையும் ஆயத்தம் செய்கிறார்கள்.

பெறுவதும் இழப்பதும்

வெற்றி பெற்ற சிகிச்சையால் என்ன கிடைக்கிறது? கால்கள் நடக்கத் தொடங்குவதில்லை. இழந்த உணர்ச்சி திரும்புவதில்லை. முதுகைச் சரி செய்தால் குழந்தை எழுந்து நடந்துவிடும் என்று நம்பி வரும் பெற்றோரிடம் மருத்துவர்கள் இதை முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். கிடைப்பது வேறு. இடுப்பு சமமாகிறது, உடம்பு நிமிர்கிறது, ஊன்றியிருந்த இரண்டு கைகளும் விடுதலை பெறுகின்றன. அக்கைகளால் குழந்தை சாப்பிடலாம், எழுதலாம், தன் நாற்காலியைத் தானே உருட்டிச் செல்லலாம். கூனை நீக்கியவர்களுக்கு முதுகிலிருந்த ஆறாத புண் ஆறுகிறது.

இழப்பதும் உண்டு. ஊன்றுகோலோடு நடக்கும் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். வலுவில்லாத காலை முன்னே வைக்க அவள் இடுப்பை ஆட்டி ஆட்டித்தான் நடக்கிறாள். முதுகை இடுப்போடு சேர்த்து இறுக்கிவிட்டால் அந்த அசைவு போய்விடும். இருந்த நடையும் குறையலாம். குனிந்து காலணி மாட்டுவது கடினமாகும். இக்குழந்தைகள் நாளுக்குப் பலமுறை ஒரு மெல்லிய குழாயால் சிறுநீரைத் தாமே வெளியேற்ற வேண்டும். 1972-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜாக் லாப்பிடஸ் இந்த எளிய முறையைப் பரப்பினார். எத்தனையோ பேருடைய சிறுநீரகங்களை அது காத்தது. குனிய முடிந்ததால் பிறர் உதவியின்றி அதைச் செய்துவந்த ஒரு பெண், விறைத்த முதுகோடு மறுபடியும் தாயை எதிர்பார்க்க நேரலாம். அவளுக்கு அது சிறிய இழப்பா?

ஆராய்ச்சிகளும் இதையே காட்டுகின்றன. வளைவு குறைவதும் உட்காரும் நிலை சீராவதும் உறுதி. ஆனால் குழந்தையையும் குடும்பத்தையும் கேட்டால், அன்றாட வாழ்வு அதே அளவுக்கு உயர்ந்ததாக எல்லாரும் சொல்வதில்லை. எனவே நல்ல மருத்துவர் எக்ஸ்-ரே படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. கையூன்றாமல் உட்கார முடிகிறதா? புண் வருகிறதா? மூச்சு எப்படி? வளைவு கூடுகிறதா? தன்னால் இன்று என்னென்ன செய்துகொள்ள முடிகிறது? விவரம் தெரிந்த வயதாயின், குழந்தை தானே என்ன விரும்புகிறாள்? நேரான முதுகு என்பது இலக்கன்று. அது ஒரு வழி. கைகள் விடுபட்ட, புண்ணில்லாத, நிம்மதியான இருக்கையே இலக்கு.

வருமுன் காத்தல்

இக்குறை தாயின் பாவத்தால் வருவதன்று. கிரகணத்தன்று வெளியே வந்ததாலும் அன்று. மரபும் சூழ்நிலையும் சேர்ந்து உண்டாக்கும் குறை இது. அதைப் பெருமளவு தடுக்கவும் இயலும்.

அந்தக் கதையின் ஒரு நுனி நம் நாட்டில் இருக்கிறது. 1928-இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்த பெண் மருத்துவர் லூசி வில்ஸ், அங்குள்ள நெசவாலைகளில் பணிபுரிந்த கர்ப்பிணிகளின் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான ஓர் உணவுச் சாறு அதைக் குணப்படுத்துவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்தை 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1991-இல் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்த ஆராய்ச்சி முடிந்தது. முன்பே இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், மறுபடியும் இக்குறை நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று அது நிரூபித்தது. 1998 முதல் அமெரிக்காவில் மாவில் இச்சத்தைக் கலப்பது கட்டாயமாயிற்று.

முதல் 28 நாட்களுக்குள் குழல் மூடிவிடுவதால், கர்ப்பம் தெரிந்தபின் மாத்திரை தொடங்குவது காலம் கடந்த செயல். கருவுறும் முன்பிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் வேண்டும் என்பது பொது விதி. முன்பு இக்குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் அதைவிடப் பல மடங்கு தேவை. அதை மருத்துவரே குறித்துத் தருவார். கீரையும் பயறும் நல்லவையே. ஆனால் நெடுநேரம் கொதித்தால் இச்சத்து அழிகிறது. உணவு மட்டும் போதாது. மணமாகும் வயதில் அக்காவும் அண்ணியும் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இச்செய்தி பேசப்பட வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

அறுவை மருத்துவர் பல மணி நேரம் நின்று ஒரு சிறுமியை உட்கார வைக்கிறார். அவள் உட்கார்ந்த நாற்காலி நம் வகுப்பு வாசற்படியிலே நின்றுவிட்டால் அவ்வளவு உழைப்பும் வீண். படிக்கு அருகே ஒரு சாய்தளம், நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் ஒரு மேசை, கதவு அகலமான கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால் அவள் நம்மோடு படிப்பாள். அவள் அவ்வப்போது கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொண்டால் அது அமைதியின்மை அன்று. புண் வராமல் காத்துக்கொள்ளும் பயிற்சி. கழிப்பறையில் அவளுக்கு நேரமானால் காரணம் கேட்டுக் கேலி செய்யலாகாது. அவளுடைய நாற்காலியைக் கேட்காமல் தள்ளவும் கூடாது. ஆண்டு விழாவுக்கு ரப்பர் பலூன்களுக்குப் பதிலாகக் காகிதத் தோரணம் கட்டுவோம். நமக்கு வெறும் அலங்காரமாக இருப்பது அவளுடைய மூச்சையே நிறுத்தக்கூடும்.

இவை எதற்கும் பெரிய செலவில்லை; மருத்துவப் பட்டமும் தேவையில்லை. அறுவை அறையில் தொடங்கிய வேலையை வகுப்பறையில் முடித்து வைப்பது நம் பங்கு.